பஞ்சவர்ணம் இல்லாமல் போன ஒன்றேகால் மணி நேரம்

பஞ்சவர்ணத்தின் வலது கை ஆள்காட்டி விரலில் இரண்டு கணு போனது ஒரு வியாழக்கிழமை. விரல் போனதில் அவளுக்குக் கோபம் இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், வயிறு எரிந்தது. ஆனால் அதைவிட ஒரு பிடி அதிகமான கோபம் ஒரு வீடியோவின் மேல் இருந்தது. ஐம்பது வினாடி ஓடுகிற, பின்னால் புல்லாங்குழல் இசை போட்ட, அவளே பேசுகிற வீடியோ. அதை வைத்துத்தான் இப்போது விரல் போனதற்கு அவளே காரணம் என்று எழுதப் போகிறார்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வாஷரும் கிளாம்பும் அடித்துக் கொடுக்கிற சின்ன கம்பெனி அது. முப்பது பேர் வேலை செய்தார்கள். பஞ்சவர்ணம் பதினாறு வருஷமாக அங்கே பவர் பிரஸ் ஓட்டினாள். பிரஸ்ஸுக்கு இரண்டு பச்சை பட்டன் உண்டு, இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலே இருக்கிற பாரம் இறங்கித் தகட்டை வெட்டும். இரண்டு கையும் பட்டன் மேல் இருந்தால் எந்தக் கையும் வெட்டுப்படாது. அதற்காகத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள்.

முதலாளி ஜெகதீசனுக்கு ஞானத்தின் மேல் ஆசை வந்தது ஐம்பத்திரண்டாவது வயதில், சர்க்கரை வந்த அதே வருஷம். ஏதோ ஒரு ஆசிரமத்துக்குப் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் சாப்பாட்டு மணிக்கு முன்னால் அரை மணி நேரம் கேன்டீனில் வகுப்பு. எல்லோரும் உட்கார வேண்டும். "நீங்க உடம்பு இல்லை, மனசு இல்லை. பார்க்கிறவனும் பார்க்கப்படுற பொருளும் ரெண்டு இல்லை, ஒண்ணுதான்" என்பார். சாம்பார் கொதிக்கிற வாசனையில் முப்பது பேரும் தலையை ஆட்டுவார்கள். அந்த அரை மணி நேரம் மிஷின் நின்றதற்குச் சாயந்திரம் அரை மணி நேரம் சேர்த்து ஓட்டிவிட்டுத்தான் போக வேண்டும். அந்த விஷயத்தில் மட்டும் முதலாளியும் தொழிலாளியும் இரண்டு பேராகவே இருந்தார்கள்.

பஞ்சவர்ணம் அந்த வகுப்பில் மற்றவர்களைப் போலத்தான் உட்கார்ந்திருந்தாள். அரைக்காதில் கேட்பாள், மீதிக் காதில் நூம்பலில் இருக்கிற தன் வீட்டுக்குத் தண்ணீர் லாரி வந்ததா இல்லையா என்று யோசிப்பாள். அப்படிப்பட்டவளுக்குத்தான் அது நடந்தது.

மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. டீ குடித்துவிட்டு வந்து பதினொன்றேகால் இருக்கும். தகட்டை வைத்தாள், கையை எடுத்தாள், இரண்டு பட்டனையும் அழுத்தினாள், பீஸ் விழுந்தது. அடுத்த தகடு. எந்த நிமிஷத்தில் ஆரம்பித்தது என்று பின்னால் அவளால் சொல்ல முடியவில்லை. சத்தம் இருந்தது, கேட்கிறவள் என்று தனியாக ஒருத்தி இல்லை. தகடு, கை, எண்ணெய் நாற்றம், பக்கத்து மிஷினில் சூப்பர்வைசர் கோபி யாரையோ திட்டுவது, கணுக்காலில் கொசு கடித்த அரிப்பு எல்லாம் ஒரே இடத்தில் இருந்தன. இது கிட்டே, அது தூரம் என்று இல்லை. அவளுக்கு முழங்கால் வலி உண்டு. அந்த வலியும் இருந்தது, ஆனால் யாருக்கும் சொந்தமில்லாமல் சும்மா இருந்தது. மயக்கமாக இருந்தால் கண் மங்கியிருக்கும். இது மழை விட்ட பிறகு தெருவைப் பார்க்கிற மாதிரி பளிச்சென்று இருந்தது. ஆனந்தம், கண்ணீர் என்று எதுவும் இல்லை. இவ்வளவு சாதாரணமாக இருந்ததே என்பதுதான் பின்னால் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடித்தது. ஐயோ, முட்டி வலிக்கிறதே என்று தோன்றியது. வலி முன்பே இருந்ததுதான். 'எனக்கு' என்பது மட்டும் புதிதாக வந்து அதில் ஒட்டிக்கொண்டது. ஒன்றேகால் மணி நேரம் போயிருந்தது.

பிரஷர் குறைந்துவிட்டதோ என்று முதலில் பயந்தாள். சாயந்திரம் வேலப்பன்சாவடி கிளினிக்கில் பார்த்தால் எல்லாம் சரியாக இருந்தது. வெள்ளிக்கிழமை மாங்காடு கோயிலுக்குப் போனாள். வழக்கமாக அம்மனிடம் கேட்க ஒரு பெரிய பட்டியல் வைத்திருப்பாள், அன்றைக்கு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. பேசாமல் நின்று பார்த்துவிட்டு வந்தாள். வீட்டுக்காரர் அய்யாசாமியிடம் சொன்னபோது, "ஏம்மே, காலீல டிபன் துன்னியா இல்லியா?" என்றார். அதற்கு மேல் அவரிடம் பேசிப் பயனில்லை.

சனிக்கிழமை வகுப்பில் முதலாளி வழக்கம்போலக் கேட்டார்: "யாருக்காவது ஏதாவது சந்தேகம் இருக்கா?" வழக்கம்போல எல்லோரும் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தார்கள். பஞ்சவர்ணம் கையைத் தூக்கினாள். வேறு யாரிடம் கேட்பாள்? இந்த மாதிரி விஷயம் பேசுகிறவர் என்று அவளுக்குத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

"சார், செவ்வாக்கெழம எனக்கு ஒண்ணு ஆச்சு. மிஷின் ஓடிக்கினு இருந்துச்சு. நான்னு ஒருத்தி இல்லவே இல்ல. ஆனா எல்லாம் பளிச்சுனு தெரிஞ்சுது. ஒரு பீஸ் கூட தப்பல. இன்னா சார் அது? சொல்லுங்க."

ஜெகதீசன் முகம் ஒரு கணம் வாடியது. பிறகு எங்கிருந்தோ ஒரு சிரிப்பு வந்து அதை மூடிக்கொண்டது. "கோபி, போனை எடு" என்றார். "இன்னொரு தடவை சொல்லும்மா. போனைப் பார்த்துச் சொல்லு."

மூன்று தடவை சொல்ல வைத்தார்கள். முதல் தடவை பின்னால் மிக்சி ஓடியதாம். இரண்டாம் தடவை அவள் முந்தானை சரியில்லையாம். ஒவ்வொரு தடவையும் கடைசியில் அவள் "இன்னா சார் அது?" என்று கேட்டாள். "ரொம்ப நல்ல அனுபவம்மா, விடாதே" என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிடப் போனார். கேள்வி கேட்டவளைப் பிடித்துச் சாட்சிக்கூண்டில் ஏற்றினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

திங்கட்கிழமை வீடியோ எல்லோர் போனிலும் வந்தது. 'எங்கள் தொழிலாளியின் அத்வைத அனுபவம்' என்று மேலே எழுத்து. பஞ்சவர்ணம் பேசுகிறாள்: "மிஷின் ஓடிக்கினு இருந்துச்சு. நான்னு ஒருத்தி இல்லவே இல்ல." அதோடு புல்லாங்குழல் தூக்கலாக வந்து, ஜெகதீசன் கண்மூடி உட்கார்ந்திருக்கிற படத்தில் முடிந்தது. பளிச்சென்று தெரிந்ததும் இல்லை, பீஸ் தப்பாததும் இல்லை, அவள் கேட்ட கேள்வியும் இல்லை. கூட வேலை செய்கிற பெண்கள் அவளை 'ஞானம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அதை அவள் சிரித்து விட்டுவிட்டாள். முதலாளி அடுத்துச் செய்ததைத்தான் விட முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவர் புதுப் பாடம் எடுத்தார். செய்கிறேன் என்ற எண்ணம் போய்விட்டால் வேலையில் களைப்பே கிடையாது, பஞ்சவர்ணமே அதற்கு உதாரணம் என்றார். மறுநாளுக்கு மறுநாள் ஷிப்டுக்கு இரண்டாயிரத்து நானூறு பீஸ் என்று இருந்தது மூவாயிரம் ஆனது. இரண்டு கையாலும் பட்டன் அழுத்திக்கொண்டிருந்தால் மூவாயிரம் வராது என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கும் வழி இருந்தது. வலது பட்டனை டேப் சுற்றி அழுத்தியபடியே கட்டிவிட்டால், இடது கையால் ஒரு பட்டனை மட்டும் தட்டிக்கொண்டே வலது கையால் தகடு போட்டுக்கொண்டு போகலாம். கோபி டேப்பைக் கொண்டுவந்து அவள் மிஷின் மேல் வைத்தான்.

"யக்கா, கட்டிக்கோ. சார் சொல்லிட்டாரு."

"கை போனா யாரு நைனா ஜவாபு?"

"நீ உஷாராத்தான இருப்ப. உனக்கு இன்னா ஆவப்போவுது?"

கட்டினாள். அதை நினைத்தால் இப்போதும் அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வரும். பத்து நாள் ஒன்றும் ஆகவில்லை. பதினோராவது நாள், அந்த வியாழக்கிழமை, மணி நாலாகியும் எண்ணூறு பீஸ் குறைந்தது. கோபி இரண்டு தடவை வந்து கத்திவிட்டுப் போனான். ஐந்து மணிக்குள் முடிக்காவிட்டால் பஸ் போய்விடும், பஸ் போனால் வீட்டில் தண்ணீர் பிடிக்க ஆள் இல்லை. இதையெல்லாம் நினைத்துக்கொண்டே தகடு போட்டவளின் இடது கை வலது கையை முந்திக்கொண்டது.

ஆஸ்பத்திரிக்கு ஜெகதீசன் ஆப்பிளோடு வந்தார். கட்டுப் போட்ட கையைப் பார்த்துக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார். "விரல் போச்சுன்னு நினைக்காதேம்மா. நீ விரல் இல்லை. உனக்குத் தெரியாததா?" என்றார். பஞ்சவர்ணம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இருக்கிற இன்னொரு கையால் ஏதாவது செய்துவிடுவோமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கோபி நூம்பலுக்கு வந்தான். கையில் டைப் அடித்த ஒரு தாள். நாளைக்குத் தொழிற்சாலை ஆய்வாளர் மேடம் விசாரணைக்கு வருகிறார்களாம், அதற்குள் கையெழுத்து வேண்டுமாம். அய்யாசாமி வாங்கிப் படித்தார்: "வேலை நேரத்தில் தியான நிலையில் இருக்கும் பழக்கத்தால் என் கவனம் சிதறி, என்னுடைய அஜாக்கிரதையால் விபத்து ஏற்பட்டது."

"தியான நிலையா?" என்றாள் பஞ்சவர்ணம்.

கோபி தரையைப் பார்த்தான். "கையெழுத்துப் போட்டா பேக்கிங்ல உக்கார வெச்சு கடைசி வரிக்கும் வேலை குடுப்பேன்னு சொல்றாரு யக்கா. வீடியோ வேற கீது இல்ல. நீயே பேசிக்கீற. போடலன்னாலும் அத்த காட்டினா முடிஞ்சுது."

அவன் போனதும் அய்யாசாமி தாளை நான்காக மடித்து அலமாரியில் வைத்தார். அவருக்கும் கோபம்தான், ஆனால் அவர் கோபத்துக்கு எப்போதும் ஒரு யோசனை கைவசம் இருக்கும்.

"கையெழுத்து போடாத. மேடமாண்ட ஒரே வார்த்த சொல்லிடு. அந்த வீடியோ பொய்யி, மொதலாளி சொல்லச் சொன்னாரு, சொன்னேன். அவ்ளோதான். அவரு மூஞ்சில ஈயாடாது."

"அது பொய்யில்லய்யா."

"இன்னா பொய்யில்ல? பைத்தியமாட்டம் பேசாத. அத்த உண்மைன்னு நீ சொன்னா, மிஷின் முன்னாடி மயங்கிக்கினு இருந்தவன்னு எழுதிடுவாங்க. விரலும் போச்சு, பேரும் போச்சு, அப்புறம் எந்தக் கம்பெனில உன்ன உள்ள உடுவான்?"

"மயங்கல. அன்னிக்கு இருந்த மாதிரி நான் என்னிக்கும் முழிச்சுக்கினு இருந்ததில்ல."

"அத்த யாருமே நம்ப மாட்டாங்க."

அவர் சொன்னது நியாயம், அதுதான் எரிச்சல். ஒரு பக்கம், நடந்ததைக் குற்றம் என்று எழுதித் தரச் சொல்கிறார்கள். இன்னொரு பக்கம், நடந்ததை நடக்கவே இல்லை என்று சொல்லச் சொல்கிறார்கள். நாற்பத்தாறு வயதில், கல்யாணம் பண்ணி வைத்தவர்கள், வேலை கொடுத்தவர்கள், கோயில் வரிசையில் வழி விட்டவர்கள் என்று யாருடைய தயவும் இல்லாமல் அவளுக்கு வந்த ஒரே பொருள் அது. அதையும் யாராவது வந்து பிடுங்குவார்களா?

மறுநாள் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, "அது பொய்யி மேடம்" என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். வானகரம் தாண்டுவதற்குள் பத்து தடவை சொல்லியிருப்பாள். அவள் பொய்யே சொல்லாதவள் இல்லை. லீவுக்கு, சீட்டுக்காரிக்கு, மாமியாருக்கு என்று எத்தனையோ சொல்லியிருக்கிறாள். இந்த ஒன்றை மட்டும் சத்தமாகச் சொல்ல முடியவில்லை. எஸ்டேட்டில் இறங்கும்போது என்ன சொல்லப் போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

விசாரணை கேன்டீனில் நடந்தது. ஆய்வாளர் வரலட்சுமி ஸ்கூட்டரில் வந்தவர், ஹெல்மெட்டை மேஜை மேல் வைத்துவிட்டு உடனே பேனாவைத் திறந்தார். ஜெகதீசன் வேகமாகப் போனை நீட்டினார். புல்லாங்குழல் ஒலித்தது. "நான்னு ஒருத்தி இல்லவே இல்ல" என்றாள் போனில் இருந்த பஞ்சவர்ணம்.

"பார்த்தீங்களா மேடம்? தெய்வீகமான அனுபவம்தான், நான் குறை சொல்லவே இல்லை. ஆனா மிஷின் முன்னாடி இந்த நிலைக்குப் போனா கம்பெனி என்ன பண்ணும்?"

வரலட்சுமி பஞ்சவர்ணத்தைப் பார்த்தார். "இது உண்மையாம்மா? இந்த மாதிரி உங்களுக்கு ஆச்சா?"

கதவருகே நின்றிருந்த அய்யாசாமி கண்ணால் ஜாடை காட்டினார். பொய் என்று சொல். ஒரே வார்த்தை.

"உண்ம மேடம்" என்றாள் பஞ்சவர்ணம்.

அய்யாசாமி நெற்றியில் அடித்துக்கொண்டார். ஜெகதீசன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். மேடத்தின் பேனா தாளில் இறங்கியது.

"எழுதாதீங்க மேடம், நான் முடிக்கல" என்றாள் பஞ்சவர்ணம். அவள் குரல் எழும்பியிருந்தது. "அது ஆனது மார்ச் மாசம் செவ்வாக்கெழம, பதினொண்ணேகால்லேர்ந்து பன்னெண்டரை வரிக்கும். வெரல் போனது ஏப்ரல் மாசம். ரெண்டத்தியும் இவரு ஒண்ணா கட்டுறாரு. மணிக்கு மணி எத்தினி பீஸ், எத்தினி கெட்டுதுன்னு ரிஜிஸ்டர்ல எழுதுவாங்க. எடுத்து வரச் சொல்லுங்க."

"அதெல்லாம் பழைய ரிஜிஸ்டர், எங்க இருக்கோ" என்றார் ஜெகதீசன்.

"எடுத்துட்டு வாங்க" என்றார் மேடம்.

கோபி முதலாளியைப் பார்த்தான். பிறகு பஞ்சவர்ணத்தின் கட்டுப் போட்ட கையைப் பார்த்தான். போனவன் இரண்டு நிமிஷத்தில் ரிஜிஸ்டரோடு திரும்பி வந்தான். முதலாளியிடம் கொடுக்காமல் நேரே மேடத்திடம் கொடுத்தான். அவர் பக்கத்தைப் புரட்டி, விரலை வைத்துத் தேடிப் படித்தார். அந்தச் செவ்வாய்க்கிழமை டீக்கு முன்னால் மணிக்கு நாலு, ஐந்து பீஸ் கெட்டிருந்தது. டீக்குப் பிறகு சாப்பாடு வரை ஒன்றுகூட இல்லை. விபத்து நடந்த வியாழக்கிழமை மூன்று மணியிலிருந்து நாலு மணிக்குள் மட்டும் பதினெட்டு.

"அது வந்த அன்னிக்கு ஒரு தகடு கூட கோணல மேடம்" என்றாள் பஞ்சவர்ணம். "வெரல் போன அன்னிக்கு அது வர்ல. அன்னிக்கு முழுக்க முழுக்க நான்தான் இருந்தேன். எண்ணூறு பீஸ் கொறையுதேன்னு நான், பஸ்ஸு போயிடுமேன்னு நான், கோபி கத்துவானேன்னு நான். மிஷின் முன்னாடி நான் தவுர வேற எதுவும் இல்ல. அதனாலதான் கை போச்சு. பட்டன டேப் போட்டுக் கட்டுனதும் என் கைதான், மறைக்கல. கட்டச் சொன்னது இவரு. கேளுங்க கோபிய."

கோபி ஆமென்று ஒரு தடவை தலையை ஆட்டினான். மேடத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

ஜெகதீசனின் முகம் சிவந்தது. "மேடம், இதெல்லாம் ரொம்ப சூட்சுமமான விஷயம். வருஷக்கணக்கா படிச்சவங்களுக்கே பிடிபடாது. இந்தம்மாவுக்குத் தனக்கு என்ன நடந்துச்சுன்னே புரியலை."

பஞ்சவர்ணம் எழுந்து நின்றுவிட்டாள். "ஆமா சார், புரியல! புரியலன்னுதான உங்களாண்ட கேட்டேன்? இதே எடத்துல, மூணு வாட்டி கேட்டேன். எனக்குத் தெரியாதும்மான்னு சொல்லியிருந்தா கும்புட்டுட்டு போயிருப்பேன். உங்களுக்குத் தெரியல. தெரியாதுன்னு சொல்லவும் வாய் வர்ல. அத்த புடிச்சு படம் எடுத்து ஊருக்குக் காட்டுனீங்க. அப்புறம் அறநூறு பீஸ் ஏத்துனீங்க. இப்ப வெரலு போனதுக்கும் அது மேலயே பழியப் போடுறீங்க. வெக்கமா இல்ல?"

கேன்டீன் வாசலில் கூட்டம் சேர்ந்திருந்தது. ஜெகதீசன் யாரையாவது அதட்டலாமா என்று பார்த்தார், ஆள் அகப்படவில்லை. வரலட்சுமி தான் எழுதியதை ஒரு தடவை படித்துவிட்டு, மேலே இருந்த ஒரு வரியை அடித்தார். பட்டன் கட்டப்பட்டிருந்தது, நிர்வாகத்தின் உத்தரவு, உற்பத்தி இலக்கை உயர்த்தியது என்று வரிசையாக எழுதி, உரக்கப் படித்துக் காட்டினார். அந்த பிரஸ்ஸைச் சீல் வைக்கவும், மற்ற மிஷின்களில் டேப்பை உடனே பிரிக்கவும் உத்தரவு எழுதினார். பிறகு பேனாவை நிறுத்தி, "மார்ச் மாசம் நடந்ததை எப்படிம்மா எழுதறது?" என்று நிஜமாகவே கேட்டார்.

"எழுத வாணாம் மேடம். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

கையெழுத்துப் போட வலது கை வரவில்லை. இடது கட்டைவிரலை மையில் தொட்டு வைத்தாள். அய்யாசாமி வந்து அவள் பையை வாங்கிக்கொண்டார். அதற்கு முன் பையை அவர் சுமந்து அவள் பார்த்ததே இல்லை.

கேட் வரைக்கும் வந்திருப்பார்கள். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. ஜெகதீசன் தனியாக, வேகமாக நடந்து வந்துகொண்டிருந்தார். கேஸைப் பற்றிப் பேசப் போகிறார் என்று அய்யாசாமி முன்னால் போய் நின்றார். ஆனால் அவர் குரலில் கேஸ் எதுவும் இல்லை.

"பஞ்சவர்ணம், ஒண்ணு மட்டும் கேக்கறேன். நான் பதினோரு வருஷமா காலையில நாலு மணிக்கு எழுந்து உட்காருறேன். ஒரு நிமிஷம்கூட எனக்கு அப்படி ஆனதில்லை." அய்யாசாமியின் தோளுக்கு மேலாக அவளைப் பார்த்தார். "உனக்கு அது எப்படி இருந்துச்சு? மறுபடியும் வந்துச்சா?"

பஞ்சவர்ணம் அவரை நன்றாகப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிக்கொண்டு நின்ற மனிதன் இப்போது கண்ணைத் திறந்துகொண்டு, பசித்தவன் முகத்தோடு நின்றான். அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கும் இரக்கம் வரும். அவளுக்கும் கொஞ்சம் வந்தது. கோபம் அதைவிட அதிகமாக இருந்தது.

"வந்தாலும் உங்களாண்ட சொல்ல மாட்டேன் சார்" என்றாள். பஸ் வந்துகொண்டிருந்தது. அய்யாசாமி கையைக் காட்டி நிறுத்தினார், இரண்டு பேரும் ஏறிக்கொண்டார்கள்.